69 கமாரோவின் பின்பக்கத்தை ஏர் ஷாக் வைத்துத் தூக்கலாமா?

கேட்டவரின் வண்டி 1969 செவ்ரோலே கமாரோ. பின்னால் பல பட்டை லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். பின்பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்துவிட்டது. 275/60 ஆர்15 டயர் மாட்டியதிலிருந்து மேடு பள்ளத்தில் மட்கார்டின் ஓரத்தில் உரசுகிறது. ஏர் ஷாக் போட்டு மூன்று அங்குலம் தூக்கினால் இரண்டு பிரச்சினையும் தீருமா, எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) காற்று வைக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

ஏர் ஷாக் வண்டியைத் தூக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கும் உரசும் டயரும் அப்படியேதான் இருக்கும். போதாததற்கு, எடையைத் தாங்கவென்று செய்யப்படாத ஒரு தகட்டின் மேல் வண்டியின் எடை போய் உட்காரும். ஏன் என்று விளக்குகிறேன். இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, ஒழுங்காகப் போடும் முறையும் கீழே இருக்கிறது.

சாதாரண ஷாக் அப்சார்பர் எடை தாங்குவதில்லை. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஏர் ஷாக் என்பது அதே ஷாக்கின் வெளிப்புறத்தில் ஒரு ரப்பர் உறை சேர்த்தது. உறைக்குள் காற்றடித்தால் ஷாக் நீளப் பார்க்கும். அந்தத் தள்ளு விசை வண்டியின் எடையில் ஒரு பங்கை ஸ்பிரிங்கிடமிருந்து வாங்கிக்கொள்ளும். செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் தன் கார்களுக்கு விருப்பத் தேர்வாகக் கொடுத்த சூப்பர்லிஃப்ட் ஆகட்டும், கடையில் கிடைக்கும் மன்ரோ மேக்ஸ்-ஏர், கேப்ரியல் ஹைஜாக்கர் ஆகட்டும், எல்லாமே டிக்கி நிறையச் சாமான் ஏற்றும்போதோ டிரெய்லர் இழுக்கும்போதோ தாழ்ந்த பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரச் செய்தவை. பழைய உயரத்துக்கு மேல் கொண்டுபோவது 1970களில் தெருவில் பிறந்த பழக்கம். எல்60-15 மாதிரி அகன்ற டயர், குரோம் வீல், வானத்தைப் பார்க்கும் பின்பக்கம் என்று ஒரு பாணியே இருந்தது. அந்தத் தோற்றம் பிடிக்கும் என்பவரிடம் எனக்கு வாதமில்லை. வண்டி நன்றாக ஓடும் என்று சொன்னால் மட்டும் வாதம் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங்கின் விறைப்பு அங்குலத்துக்கு 120 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்று அங்குலம் தூக்க ஒரு பக்கத்துக்கு 360 பவுண்டு விசை வேண்டும். கமாரோவில் ஷாக் நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. சாய்வு 30 டிகிரி என்றால் ஷாக்கின் திசையில் 415 பவுண்டு ஆகிவிடும். உறையின் பயனுள்ள பரப்பு 4 சதுர அங்குலம் என்று கொண்டால் 104 பிஎஸ்ஐ. இது வண்டி சும்மா நிற்கும்போது. ஒரு குழியில் இறங்கி ஷாக் சுருங்கும்போது உள்ளிருக்கும் கொஞ்சக் காற்று அழுந்தி விசை மடமடவென ஏறும். ஏர் ஷாக் போட்ட வண்டியின் பின்பக்கம் கட்டைவண்டி மாதிரி குதிப்பதற்கு இதுதான் காரணம். கூடவே இன்னொரு சிக்கல்: ஸ்பிரிங்கின் மொத்த விறைப்பு ஏறிவிட்டது, ஆனால் அந்த விறைப்பை அடக்கும் அளவுக்கு இந்த ஷாக்குகளின் எண்ணெய் வால்வு பெரும்பாலும் பலமானதில்லை.

அந்த 415 பவுண்டு எங்கே போகிறது என்று பாருங்கள். கமாரோவில் ஷாக்கின் மேல்முனையில் ஒரு குறுக்குக் கம்பி, அதை இரண்டு சிறு போல்ட்டுகள் தரைத் தகட்டில் பிடிக்கின்றன. கீழ்முனை ஸ்பிரிங்குக்கு அடியில் உள்ள பிளேட்டில் நட்டு போட்டு நிற்கிறது. தொழிற்சாலைக் கணக்கில் அந்தப் போல்ட்டுகளுக்கு வந்து போகும் தட்டு விசை மட்டுமே வேலை. இரவும் பகலும் எடையைச் சுமப்பது கணக்கில் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேலான தகடு, அடியில் துரு வேறு. முதலில் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு வரும், பிறகு தகடு மேல்நோக்கிக் குமிழும். முஸ்டாங்கில் ஷாக்கின் மேல்தண்டு டிக்கித் தரை வழியாக ஏறி நிற்கிறது, அங்கேயும் இதே கதை. டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் போன்ற கிரைஸ்லர் வண்டிகளில் குறுக்குச் சட்டத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளையில் ஷாக்கின் கண் (முனை வளையம்) மாட்டும். நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் மாதிரி வேலை செய்து சட்டத்தையே கிழிக்கும். வாங்கப் போகிற பழைய மசில் காரில் ஏர் ஷாக் இருந்தால், ஷாக்கைப் பார்ப்பதற்கு முன் அதன் மேல் பிடிமானத்தை விளக்கடித்துப் பாருங்கள். பெயின்ட் வெடித்த கோடு தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

அடுத்தது வண்டியின் கோணங்கள். கமாரோவின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள தூரம், 108 அங்குலம். பின்பக்கம் மூன்று அங்குலம் ஏறினால் உடல் முழுவதும் சுமார் 1.6 டிகிரி முன்னால் சாய்கிறது, அது அப்படியே முன்சக்கரத்தின் காஸ்டரிலிருந்து, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து, கழிகிறது. அந்தக் காலத்து அலைன்மென்ட்டில் காஸ்டரே அரை டிகிரி பாசிட்டிவ் அளவில்தான் இருந்தது. கழித்துப் பார்த்தால் ஒரு டிகிரி நெகட்டிவ். நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போகாமல் அலையும், வளைவிலிருந்து வெளிவரும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. ஸ்டியரிங் பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று அதை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குறை இருப்பதோ பின்னால்.

பின் ஆக்சிலும் சும்மா இருப்பதில்லை. உடல் உயரும்போது லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண்ணும் உயர்கிறது, ஆக்சில் அதே இடத்தில்தான். அதனால் ஸ்பிரிங்கின் முன்பாதி ஆக்சிலை நோக்கி இறங்கிச் சாய்கிறது. இந்த நிலையில் வளைவில் திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் அழுந்தும்போது பின்னால் நகரும், உள்பக்கச் சக்கரம் முன்னால் வரும். ஆக்சில் தானாகவே வளைவுக்கு வெளியே திரும்பி, வால்பக்கம் வெளியே வீசப் பார்க்கும். மழை ஈரத்தில் இது நிச்சயம் தெரியும். கியர்பாக்ஸின் வால்பக்கம் உயர்வதால், அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சரிவும் கூடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் இருக்கைக்கு அடியில் புது நடுக்கம் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். கோணமானி வைத்து அளந்தால், ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யு ஜாயின்ட் மூட்டுகளின் வேலைக் கோணமும் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

நீளும் ஓட்டத்தை யாரும் நினைப்பதில்லை. ஷாக் நிற்கும் நிலையில் நீள்வதற்கும் சுருங்குவதற்கும் இடம் வைத்துத்தான் அதன் நீளம் தீர்மானிக்கப்படுகிறது. மூன்று அங்குலம் தூக்கினால் நீள்வதற்கான இடத்தில் இரண்டரை அங்குலத்துக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு மேட்டைத் தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் முழு நீளத்துக்கு வந்து டக்கென்று இடிக்கும். அந்த இடியும் அதே இரண்டு சிறு போல்ட்டுக்குத்தான். ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸும் விறைத்து நிற்கும்.

இனி டயர் உரசல். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சக்கரம் எவ்வளவு மேலே ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது ஆக்சிலுக்கு மேலே உள்ள ரப்பர் பம்ப் ஸ்டாப். வண்டி நிற்கும் உயரம் எதுவானாலும், முழுக்க அழுந்தும்போது டயர் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். ஏர் ஷாக் அந்த இடத்துக்குப் போகும் தடவைகளைக் குறைக்கிறது, இடத்தை மாற்றுவதில்லை. நல்ல குழி ஒன்று வந்தால் அதே ஓரத்தில் அதே டயர் உரசும். உரசல் உள்பக்கம் ஸ்பிரிங்கிலோ வீல் ஆர்ச்சின் உள்சுவரிலோ என்றால் தூக்குவதால் நயா பைசா பயனில்லை.

275/60 ஆர்15 டயரின் அகலம் கிட்டத்தட்ட 10.8 அங்குலம், உயரம் 28. இதுவே 255/60 ஆர்15 என்றால் அகலம் 10, உயரம் 27. முதல் தலைமுறைக் கமாரோவில், ஸ்டாக், அதாவது தொழிற்சாலையில் வந்த, மட்கார்டு வைத்துக்கொண்டு 255 போடுவதே நெருக்கமான வேலை. 15க்கு 8 அங்குல வீலும் நாலரை அங்குல பேக்ஸ்பேசிங்கும் பலர் பயன்படுத்தும் சேர்க்கை. பேக்ஸ்பேசிங் என்பது வீல் ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையுள்ள தூரம். அதை அரை அங்குலம் கூட்டினால் டயர் அரை அங்குலம் உள்ளே போகும். எனவே முதலில் அளவெடுங்கள்: டயரிலிருந்து ஸ்பிரிங்குக்கு எவ்வளவு இடம், மட்கார்டின் ஓரத்துக்கு எவ்வளவு இடம், இரண்டு பக்கமும் தனித்தனியாக. இந்த வண்டிகளில் ஆக்சில் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் கால் அங்குலம் தள்ளியிருப்பது சாதாரணம், அதனால் ஒரே பக்கம் மட்டும் உரசினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வளைவில் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், அதற்கும் இருபுறமும் அரை அங்குலமாவது விடுங்கள். மட்கார்டின் உள்மடிப்பை உருளை வைத்து மடித்துவிட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும். பெயின்ட்டைச் சூடாக்கி மெதுவாகச் செய்யாவிட்டால் ஓரம் முழுக்க வெடிக்கும்.

தாழ்ந்த பின்பக்கத்துக்கு மருந்து புது ஸ்பிரிங்தான். அதற்கு முன் தாழ்ந்தது ஸ்பிரிங்கா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, டயர் அழுத்தத்தைச் சரி செய்து, பின்பக்கத்தை இரண்டு முறை அமுக்கி விட்டுவிட்டு, ஆக்சில் குழாயிலிருந்து பம்ப் ஸ்டாப் அடிக்கும் இடம் வரை இரு பக்கமும் அளவெடுங்கள். மட்கார்டை மட்டும் நம்பி அளக்க வேண்டாம், பழைய வண்டியில் அது எத்தனை தடவை தட்டி நிமிர்த்தப்பட்டதோ. ஸ்பிரிங்கின் பின்முனையைப் பிடிக்கும் ஷேக்கிள் மாட்டும் இடத்தில் உடல் சட்டம் துருப்பிடித்து மேலே போயிருந்தாலும் வண்டி தாழும். அப்படியானால் எந்த ஸ்பிரிங் போட்டும் உயரம் வராது, வெல்டிங் வேலைதான்.

புது ஸ்பிரிங் வாங்கும்போது உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். 1969 கமாரோவில் சாதாரண மாடல்களுக்கு ஒற்றைப் பட்டை, எஸ்எஸ், இசட்/28 போன்ற வேக மாடல்களுக்குப் பல பட்டை. இரண்டுக்கும் கீழ்ப் பிளேட் வேறு வேறு. ஒற்றைப் பட்டையிலிருந்து மாறுகிறவர் பிளேட்டையும் சேர்த்து வாங்காவிட்டால் பாதி வேலையில் நின்றுவிடுவார். முன் கண் புஷ், ஷேக்கிள், ஷேக்கிள் புஷ், ஆக்சில் மேடைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலுள்ள ரப்பர், பிடிக்கும் போல்ட் நட்டு எல்லாம் புதிதாகவே போடுங்கள். முன் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் வண்டி தொங்கும்போது கையிறுக்கமாக மட்டும் விட்டு, எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுக்க இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையில் பூட்டிக்கொள்ளும், உயரமும் பொய்யாக வரும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். புது ஸ்பிரிங் சில நூறு மைல் ஓடியதும் சற்று இறங்கி அமரும், அதன் பிறகு அளப்பதே உண்மையான உயரம்.

ஓர் அங்குலம் கூடுதலாக வேண்டுமென்றால் அந்த வளைவோடு செய்த ஸ்பிரிங்கை வாங்கிக்கொள்ளலாம். நீண்ட ஷேக்கிள் மலிவான வழி. இரண்டு அங்குலம் நீண்ட ஷேக்கிள் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்தும். அதற்கு மேல் போனால் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும், பினியன் மூக்கும் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முன்முனை) கீழே சாயும். வேன்களில் போடுவது போல பிளாக் வைத்துத் தூக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். இந்த வண்டிகளில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, பிளாக் வைத்தால் வண்டி இன்னும் தாழும்.

ஏர் ஷாக் நியாயமாக உதவும் வேலையும் உண்டு. ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்து, எப்போதாவது டிக்கி நிறையச் சாமான் ஏற்றுவதாலோ சிறு டிரெய்லர் இழுப்பதாலோ பின்பக்கம் இறங்கினால், அதைச் சமன் செய்யப் போடலாம். ஸ்டாக் உயரத்துக்கு மேல் அதிகம் போனால் ஓர் அங்குலம், அதுதான் என் வரம்பு. ஆக்சிலும் டயரும் தாங்கும் எடை இதனால் கூடிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

போடும் முறை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாய்க்கு அடியில் வையுங்கள். ஷாக்கைக் கழற்றும்போது ஆக்சில் தொங்கக் கூடாது. முதல் நாள் இரவே மேல் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அவை தகட்டோடு ஒட்டிய நட்டில் ஏறுபவை, அவசரப்பட்டுத் திருகினால் போல்ட் முறியும், அல்லது உள்ளே நட்டு சுழலும். இரண்டில் எது நடந்தாலும் அரை மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். 1968 முதல் கமாரோவில் ஒரு ஷாக் ஆக்சிலுக்கு முன்னும் மற்றது பின்னும் நிற்கிறது. எனவே அந்த ஆண்டுக்கான ஜோடியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காற்று வரும் முனை டயரையும் சைலன்சர் குழாயையும் பார்க்காமல் வண்டியின் நடுப்பக்கம் திரும்பி இருக்கட்டும். உறை காற்றடித்ததும் பருக்கும், அந்தப் பருமனோடு சுற்றிலும் அரை அங்குல இடைவெளி வேண்டும். இரட்டை எக்ஸாஸ்ட் உள்ள வண்டியில் இதுதான் தலைவலி. சூடான குழாய் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் ரப்பர் வெந்துவிடும், நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள். கீழ்முனை நட்டை, ரப்பர் பிதுங்கி வாஷரின் அகலத்துக்கு வரும் வரை இறுக்கினால் போதும். நசுங்கும் வரை இறுக்கினால் தண்டின் கழுத்தில் முறியும்.

நைலான் குழாயைக் கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கி முட்டையாகும், அங்கேதான் கசியும். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பூட்டுங்கள். ஆக்சில் முழுக்கத் தொங்கினாலும் இழுபடாத அளவுக்குக் குழாயில் தளர்ச்சி விட்டு, எக்ஸாஸ்டை விட்டு விலக்கி, சட்டத்தோடு கட்டுங்கள். பெட்டியில் வரும் டி இணைப்பை நான் தவிர்க்கச் சொல்வேன். இரண்டு ஷாக்கும் ஒரே குழாயில் இருந்தால் வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடும், வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். இரண்டு வால்வு, இரண்டு குழாய், செலவு கொஞ்சம்தான்.

வண்டியை இறக்குவதற்கு முன்பே 20 பிஎஸ்ஐ அடியுங்கள். அதுதான் குறைந்தபட்சம், எப்போதும் அதற்குக் கீழே போகக் கூடாது. காற்றில்லாமல் ஓட்டினால் உறை மடிந்து, மடிப்பில் தேய்ந்து ஓட்டையாகும். பெட்டியில் 150 வரை அடிக்கலாம் என்று போட்டிருக்கும்; அது ஷாக்கின் எல்லை, உங்கள் தகட்டின் எல்லை அல்ல. சுமை இல்லாதபோது 25 முதல் 35, சுமை ஏற்றினால் வண்டி ஸ்டாக் உயரத்துக்கு வரும் வரை, எப்படியும் 90ஐத் தாண்டாமல். உள்ளே இருக்கும் காற்றின் கன அளவு மிகச் சிறியது, எனவே பெட்ரோல் பங்க் கம்ப்ரசரை ஒரு நொடி அழுத்தினாலே எகிறிவிடும். சைக்கிள் பம்ப் இதற்கு உத்தமம். டயர் கேஜை வைத்து அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சில பிஎஸ்ஐ வெளியேறும், பார்த்த பிறகு கொஞ்சம் சேர்த்து அடியுங்கள். 90ல் வைத்தால், வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும்போது ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும். குளிர்கால விடியலில் வண்டி சற்றுத் தாழ்ந்திருந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு நாளில் காற்று முழுக்க இறங்கிவிடுகிறதென்றால் சோப்புத் தண்ணீர் தெளித்து முதலில் இணைப்புகளை, அடுத்து வால்வு ஊசியை, கடைசியாக உறையின் அடிமடிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இடத்திலேயே குமிழி வரும்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் அடுத்து வரத்தான் போகிறது: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பின்சக்கரம் தடதடவெனத் துள்ளுவது. ஏர் ஷாக் அதற்கு மருந்தில்லை. முறுக்கு விசையில் பினியன் மேலே எழும்பி லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவில் வளைந்து சட்டென்று திரும்பி அடிப்பதால் வருவது அது. ஒற்றைப் பட்டையோடு வந்த 1967 கமாரோவில் இது பெயர் பெற்ற குறை, 1968ல் ஷாக்குகளை முன்னும் பின்னுமாக வைத்ததே அதற்காகத்தான். ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் டிராக்ஷன் பார் போட்டு, அதன் ரப்பர் முட்டு ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு நேர் கீழே அரை முதல் ஓர் அங்குல இடைவெளியில் நிற்கும்படி வையுங்கள். பின்பக்க உயரத்தை மாற்றினால் இந்த இடைவெளியும் மாறும், மறுபடி அளக்க வேண்டும்.

செவெல், ஜிடிஓ, கட்லஸ் போன்ற 1964 முதல் 1972 வரையிலான ஜிஎம் ஏ-பாடி (நடுத்தர அளவு) வண்டிகளில் லீஃப் இல்லை. காயில் ஸ்பிரிங்கும் நான்கு கைகளும். அங்கே சுமைக்குக் காற்று வேண்டுமென்றால் ஏர் ஷாக்கை விட, காயிலுக்குள் நுழைக்கும் ஏர் லிஃப்ட் பை மேல். எடை ஸ்பிரிங் உட்காரும் இடத்திலேயே இறங்குகிறது, ஷாக்கின் பிடிமானத்துக்குத் தொல்லை இல்லை, 5 முதல் 35 பிஎஸ்ஐயிலேயே வேலை முடிகிறது. டிராக் (நேர்கோட்டுப் பந்தயம்) ஓட்டக்காரர்கள் வலப்பக்கக் காயிலில் மட்டும் ஒரு பை வைப்பது பழைய வித்தை. புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும், அந்தப் பக்கம் கூடுதல் அழுத்தம் அதை ஈடு செய்யும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு இது வேண்டாம், பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

எந்த வழியில் உயரம் மாறினாலும் பிறகு அலைன்மென்ட் போய்ப் பார்த்து, இரவில் ஒரு சுவர் முன் நிறுத்தி ஹெட்லைட்டையும் சரி செய்துகொள்ளுங்கள். பின்பக்கம் ஏறினால் வெளிச்சம் தரையை நோக்கி இறங்கியிருக்கும்.